அவர் எதை வேண்டாம் என்கிறார்?

கிள்ளானில் ஒரு தாமான் வீடு. காலை மணி ஆறரை. சமையலறை மேசையில் மருத்துவமனையின் சந்திப்பு அட்டை இருக்கிறது. இன்றைய தேதிதான். மனைவி குளித்துச் சேலை கட்டிவிட்டார். பழைய எக்ஸ்ரே, மருந்துப் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் பையில் தயார். கணவரோ கைலியோடு வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க, நேரமாச்சு.”

“நான் வரல.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. டாக்டர் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?”

“வேணாம்னா வேணாம். விட்டுடு.”

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் இருக்கும் பல வீடுகளில் நடப்பதை ஒரு வீடாக்கிச் சொல்லியிருக்கிறோம். அவருக்கு 57 வயது, லாரி ஓட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். அறுவை சிகிச்சை, பிறகு ஆறு வாரக் கதிர்வீச்சு. புற்றுநோய் போய்விட்டது. குடும்பம் கோயிலில் அர்ச்சனை செய்தது. உறவினர்கள் கைகுலுக்கினார்கள்.

இப்போது தாடையில் வலி. வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறப்பதில்லை. பல் விழுந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிகிறது. மருத்துவர் சிகிச்சை வேண்டும் என்கிறார், கணவர் வேண்டாம் என்கிறார். நடுவில் நிற்கிறார் மனைவி.

இத்தகைய வீடுகளில் மனைவியோ கணவனோ முதலில் செய்வது வாதாடுவது. அடுத்து அழுவது. பிறகு பிள்ளைகளை விட்டுப் பேசவைப்பது. இவை பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் ‘சிகிச்சை’ என்ற ஒரே மூட்டையைத் தூக்கி அவர் முன் வைக்கிறோம். அவரும் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லால் அதைத் தள்ளிவிடுகிறார். அந்த மூட்டைக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. அவர் மறுப்பது அதில் ஒன்றையோ இரண்டையோ மட்டுமாக இருக்கலாம். அது எது என்று தெரியாமல் எந்தப் பேச்சும் நகராது.

புற்றுநோய் போன பிறகும் ஏன் இத்தனை தொல்லை?

உறவினர் பலருக்கு இது புரிவதில்லை. “அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன?” என்கிறார்கள். நோயாளிக்கே பல நேரம் சரியாகத் தெரியாது. ஆகவே முதலில் இதைப் புரிந்துகொள்வோம்.

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பொதுவாக 60 முதல் 70 கிரே அளவில், வாரத்தில் ஐந்து நாள் என்று ஆறு, ஏழு வாரங்கள் கொடுக்கப்படுகிறது. அது புற்றுநோய் அணுக்களைக் கொல்லும்போது பக்கத்தில் இருக்கும் நல்ல திசுக்களும் பாதிக்கப்படுகின்றன. எச்சில் சுரப்பிகள் வற்றுகின்றன. எச்சில் இல்லாத வாயில் பற்கள் வேகமாகச் சொத்தையாகின்றன. மெல்லும் தசைகள் இறுகி வாய் திறப்பது குறைகிறது. இதை மருத்துவர்கள் டிரிஸ்மஸ் என்பார்கள். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டர்கூடத் திறக்காவிட்டால் அது டிரிஸ்மஸ். சாதாரணமாக நம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியும். அவரால் அது முடியாது.

எல்லாவற்றிலும் கடினமானது தாடை எலும்பு பாதிப்பு. கதிர்வீச்சில் எலும்புக்குள் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பில் சிறு காயம் பட்டாலும் ஆறாது. பல் பிடுங்கிய இடமோ, செயற்கைப் பல் உரசிய இடமோ திறந்து எலும்பு வெளியே தெரியும். மூன்று மாதமாகியும் மூடாமல் இருந்தால், அது புற்றுநோய் திரும்பியதால் அல்ல என்று உறுதியானால், அதற்குப் பெயர் ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் இது அதிகம். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

“பழைய பல்லைப் பிடுங்கணும்னா எங்ககிட்ட கேட்காம பிடுங்கக் கூடாது” என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பக்கத்துப் பல் கிளினிக்கிற்குப் போனாலும் ‘தாடையில் கதிர்வீச்சு வாங்கியிருக்கிறேன்’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று வெளியே தெரிவதில்லை. கழுத்துக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களில் பலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தைராய்டு சுரப்பி மந்தமாகிறது. அப்போது சோர்வு, தூக்கம், எதிலும் பிடிப்பின்மை, எடைகூடுதல், குளிர் தாங்காமை எல்லாம் வரும். வீட்டில் இருப்பவர்கள் “மனசு விட்டுட்டாரு, சோம்பேறியாயிட்டாரு” என்று நினைப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற எளிய இரத்தப் பரிசோதனை செய்தால் இது தெரிந்துவிடும். மாத்திரையால் சரிசெய்யலாம். ‘எதுவும் வேண்டாம்’ என்ற மனநிலையில் ஒரு பங்கு தைராய்டிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரு வேண்டாமுக்குள் பல வேண்டாம்

நம் லாரி ஓட்டுநர் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல். அதற்கு அடியில் என்னென்ன இருக்கக்கூடும்?

*பயம்.* எலும்பு தெரிகிறது என்று கேட்டதும் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருக்கலாம். பரிசோதனைக்குப் போனால் அதை உறுதியாகக் கேட்க வேண்டியிருக்கும். போகாவிட்டால் கேட்க வேண்டாம்.

*உடம்பின் நினைவு.* அந்த ஆறு வாரம் அவர் வாய் முழுவதும் புண். மூக்கில் குழாய். கதிர்வீச்சு மேசையில் முகமூடியை முகத்தோடு இறுக்கிப் பூட்டி அசையாமல் படுக்கவைத்தார்கள். இன்னொரு முறை மருத்துவமனை வாசலை மிதிப்பது என்றாலே வயிறு கலங்கும்.

*வெட்கம்.* சாப்பிடும்போது உதட்டோரம் வழிகிறது. பேச்சு குழறுகிறது. மாமாக் கடையில் பழைய கூட்டாளிகளோடு தே தாரேக் குடித்துக்கொண்டு அரட்டை அடித்தவர் இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. கல்யாண விருந்துக்கு மொய்க் கவரை மனைவி கையில் கொடுத்தனுப்புகிறார். இன்னொரு அறுவை என்றால் முகம் இன்னும் மாறுமோ என்று நினைக்கிறார்.

*குற்ற உணர்வு.* நம் சமூகத்தில் இதைத் தனியே சொல்ல வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம் என்பதைப் புற்றுநோய்ப் பதிவேடு தொடர்ந்து காட்டிவந்திருக்கிறது. தோட்டத்துக் காலத்திலிருந்தே வந்த வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கமும், சிகரெட்டும், மலிவுச் சாராயமும் இதற்குக் காரணங்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. நம் பாட்டிகளுக்கு இது தெரியாது. யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. ஆனால் நோய் வந்தவரிடம் ஊரே சொல்கிறது: “நீயே தேடிக்கிட்டது.” அதைக் கேட்டுக் கேட்டு, தனக்கு இன்னும் செலவு செய்வது நியாயமில்லை என்று அவரே முடிவு செய்திருப்பார்.

*பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணம்.* மகள் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போகிறாள். மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்புகிறான். ‘எனக்காக இவர்கள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்’ என்பதும் ஒரு மறுப்புதான். சில நேரம் அன்பே அப்படிப் பேசும்.

*மருத்துவமனையில் பட்டது.* மூன்று மணி நேரம் காத்திருந்து ஐந்து நிமிடம் பேசியது, அவருக்குப் புரியாத மொழியில் விளக்கியது, அவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தே பேசியது. மீண்டும் அதே இடமா?

*மனச்சோர்வு.* தலை, கழுத்துப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படுகிறது. பேசுவது, சாப்பிடுவது, சிரிப்பது என்று மனிதர்களோடு பழகும் வழிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடிபடுகின்றன. இது மன உறுதிக் குறைவு அல்ல. இதுவும் சிகிச்சை உள்ள ஒரு நோய்.

இவை ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. பயத்துக்குத் தெளிவான தகவல் வேண்டும். வலிக்கு மருந்து வேண்டும். வெட்கத்துக்கு அதே பாதையில் போய்வந்த ஒருவர் வேண்டும். பணக் கவலைக்குக் கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் “நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆகணும்” என்ற ஒரே பதிலைக் கொடுத்தால் ஒன்றுகூடத் தீராது.

எப்படிக் கேட்பது?

சந்திப்பு நாள் காலையில் கேட்காதீர்கள். அன்று கேட்பதெல்லாம் அவர் காதில் கட்டளையாகத்தான் விழும். அவசரம் இல்லாத ஒரு மாலை, வலி மருந்து வேலை செய்யும் நேரம், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்காருங்கள். நேருக்கு நேர் உட்கார வேண்டும் என்றில்லை. வாசலில் பக்கத்தில் உட்கார்ந்தோ, காரில் போகும்போதோ பேசுவது பல ஆண்களுக்கு எளிது.

‘ஏன் வரமாட்டேங்கிறீங்க’ என்று தொடங்கினால் அவர் தன் பக்கத்தை நியாயப்படுத்தத் தொடங்குவார். “அங்கே போனா எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “எதைச் செய்ய வேணாம்னு நினைக்கிறீங்க? மருந்தா, ஆபரேஷனா, போறதேவா?” என்று பிரித்துக் கேளுங்கள்.

பிறகு காத்திருங்கள். பேச்சு குழறுபவர்களுடன் வாழ்பவர்கள் செய்யும் ஒரு தவறு, அவர் தொடங்கும் வாக்கியத்தைத் தாமே முடித்துவிடுவது. அன்பால் செய்வதுதான். ஆனால் நாளடைவில் அவர் தொடங்குவதையே விட்டுவிடுவார். அவருக்குப் பேச நேரம் கொடுங்கள். பேச முடியாத நாளில் கைப்பேசியில் தட்டச்சு செய்யட்டும். வாட்ஸ்அப்பில் தமிழில் பேசி அனுப்பும் குரல் செய்தியைவிட, எழுதும் இரண்டு வரியில் மனம் திறப்பவர்கள் உண்டு. மேசைமேல் ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்தாலும் போதும்.

அவர் சொன்னதை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். “ஆபரேஷன்னா மறுபடியும் மூக்குல குழாய் போடுவாங்கன்னு பயமா இருக்கு, அதானே?” இப்படிச் சொன்னால் நீங்கள் அவர் முடிவை ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை. அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். வாதாடிக்கொண்டிருந்த வீட்டில் அதுவே பெரிய மாற்றம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. சாப்பாட்டில் மருந்தை மறைத்துக் கலக்காதீர்கள். “சும்மா பேங்குக்குப் போயிட்டு வரலாம்” என்று சொல்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஒருமுறை நம்பிக்கை உடைந்தால் அடுத்த முறை உண்மையான பேங்குக்கும் வரமாட்டார். “என் பிணத்தைப் பார்த்துட்டுதான் நீங்க மருந்து சாப்பிடுவீங்களா” என்பது போன்ற பேச்சு, ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவரை இன்னும் உள்ளே தள்ளும்.

பிள்ளைகள் போனில் திட்டுவதைவிட, அவர் மதிக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவது மேல். பழைய லாரிக் கூட்டாளியாக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம். இதே சிகிச்சையைக் கடந்துவந்த ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. தேசியப் புற்றுநோய்ச் சங்கம், மாக்னா போன்ற அமைப்புகள் நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவுகின்றன. அப்படி ஒருவரைச் சந்திக்க முடியுமா என்று அவர்களிடமோ மருத்துவமனையிலோ கேட்கலாம்.

மூட்டையைப் பிரித்துவைப்பது

எது அவரைத் தடுக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துவிட்டதா? இனிச் சிகிச்சை என்ற மூட்டையைப் பிரிக்கலாம்.

மருத்துவரைப் பார்ப்பது வேறு, சிகிச்சைக்குச் சம்மதிப்பது வேறு. “கேட்டுட்டு மட்டும் வருவோம். கையெழுத்து எதுவும் போட வேணாம்” என்பது நேர்மையான, செய்யக்கூடிய ஏற்பாடு. சொன்னால் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அங்கே போனதும் “இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க” என்று நீங்களும் சேர்ந்துகொள்ளக் கூடாது.

தாடை எலும்புப் பிரச்சினை என்றாலே பெரிய அறுவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆரம்ப நிலையில் வாய் கொப்பளிப்பு, தொற்றுக்கு ஆண்டிபயாட்டிக், வலி மருந்து, இரத்த ஓட்டத்துக்கு உதவும் பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையோடு வைட்டமின் ஈ என்று தொடங்குவதுண்டு. தளர்ந்த எலும்புத் துண்டை மட்டும் எடுக்கும் சிறிய அறுவையும் உண்டு. எலும்பு உடையும் நிலைக்கு வந்தால்தான் பாதித்த பகுதியை நீக்கி, முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியதை எடுத்துத் தாடையாக வைக்கும் பெரிய அறுவை பேச்சுக்கு வருகிறது. எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாமலே அவர் கடைசிப் படிக்குப் பயந்து முதல் படியை மறுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே மருத்துவரிடம் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்:

இது புற்றுநோய் திரும்பியதா, கதிர்வீச்சின் விளைவா? எப்படி உறுதிசெய்வீர்கள்?

இப்போது எந்த நிலை? ஒன்றுமே செய்யாவிட்டால் அடுத்த ஆறு மாதத்தில் என்ன நடக்கலாம்?

அறுவை இல்லாமல் தொடங்கக்கூடியது என்ன? அதை எத்தனை வாரம் முயன்று பார்க்கலாம்? பிடிக்காவிட்டால் நிறுத்தலாமா?

வலியை இன்றே குறைக்க என்ன செய்யலாம்?

தமிழில் விளக்க யாராவது இருக்கிறார்களா?

மருத்துவர் உங்களிடம் பேசினாலும், “அவர்கிட்டயே சொல்லுங்க டாக்டர்” என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறுகிறது என்பதற்காக அவருக்கு அறிவு குறைந்துவிடவில்லை.

அவர் வரவே மறுத்தால்? நீங்கள் மட்டும் போகலாம். அவருடைய அனுமதி இல்லாமல் அவர் நோய் விவரத்தை மருத்துவர் உங்களிடம் பேச முடியாமல் போகலாம். ஆனால் நீங்கள் சொல்வதை அவர் கேட்கலாம். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லித் தரலாம். ‘உங்க பேர்ல ஒளிச்சு வைக்கல, டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன்’ என்று கணவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பணம்தான் தடை என்றால் அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். கடுமையான நோய்க்கான சிகிச்சைக்கு இ.பி.எஃப். சேமிப்பிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு. வேலை செய்யும் திறனை இழந்தவர்களுக்குச் சொக்சோவில் ஓய்வூதியமும் உண்டு. அதற்கு வயது, சந்தா நிபந்தனைகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருப்பவர்கள் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். ‘எவ்வளவு ஆகுமோ’ என்று பயந்துகொண்டிருப்பதைவிட, ‘இவ்வளவு ஆகும்’ என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுவது மேல்.

அவர் மறுக்காத சின்ன விஷயங்கள்

பெரியதை மறுப்பவர் சிறியதை ஏற்பார். அது தோல்வி அல்ல, தொடக்கம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளில் பல முறை மெதுவாகக் கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது. கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மௌத்வாஷ் வேண்டாம், வாயை இன்னும் வறளவைக்கும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு அதிகமுள்ள பற்பசை பற்றிப் பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வாய் திறக்கும் பயிற்சிக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டும் முறை உண்டு. ஆனால் எலும்பு வெளியே தெரிந்தாலோ தாடையில் கடும் வலி இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

சாப்பாட்டில் அவருக்குப் பிடித்ததையே மாற்றிச் செய்யுங்கள். மீன் குழம்பை மிளகாய் இல்லாமல் வைத்து, முள் எடுத்த மீனைக் குழைந்த சோற்றோடு மசித்துத் தரலாம். பருப்பு, முட்டை, தயிர், பூசணிக்காய், எண்ணெயோ நெய்யோ கொஞ்சம் கூடுதலாக. வெறும் கஞ்சித் தண்ணீரில் உடம்பு தேறாது. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால், சாப்பிட்டபின் குரல் ஈரமாக ஒலித்தால், உணவு நுரையீரலுக்குள் போகக்கூடும். அதைப் பேச்சு, விழுங்கு சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

அவர் இன்னும் புகைக்கிறார் என்றால் காயம் ஆறுவது தாமதமாகும். திட்டுவதால் அவர் ஒளித்துப் புகைப்பாரே தவிர விடமாட்டார். அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவுகள் இருக்கின்றன. எப்போது போவது என்பதை அவரே சொல்லட்டும்.

முடிவு யாருடையது?

இது மனைவிக்குக் கேட்கக் கசக்கும். தெளிவான மனநிலையில் இருக்கும் வயதுவந்த ஒருவர் தமக்கான சிகிச்சையை மறுக்கலாம். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ அவருக்காகக் கையெழுத்திட்டு அதைக் கட்டாயமாக்க முடியாது. சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம், ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது. மலேசியாவிலும் நோயாளியின் சம்மதம் இல்லாமல் சிகிச்சை அளிக்கக் கூடாது என்பதே மருத்துவ நெறி.

ஆனால் அந்த மறுப்பு உண்மையிலேயே அவருடையதா என்று பார்க்கலாம். கடும் வலியில், தைராய்டுக் குறைவில், மனச்சோர்வில் ஒருவர் சொல்லும் ‘வேண்டாம்’ வேறு. வலி அடங்கி, தூங்கி எழுந்து, உண்மை நிலையைக் கேட்டுப் புரிந்துகொண்ட பின் சொல்லும் ‘வேண்டாம்’ வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதுதான் மனைவியால் செய்யக்கூடியது. அதன் பிறகும் அவர் மறுத்தால், அது அவர் எடுத்த முடிவு. நீங்கள் தோற்றதாகப் பொருளில்லை.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அறுவையை மறுப்பவர் வலி நிவாரணத்தை மறுக்க வேண்டியதில்லை. நோய்தணிப்புச் சிகிச்சை என்பது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. வலி, மூச்சு, உணவு, மனக்கவலை இவற்றைக் கவனிப்பதே அதன் வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீட்டுக்கே வந்து இலவசமாக இந்தச் சேவையைச் செய்கிறது. வேறு ஊர்களில் மருத்துவமனையைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வாயிலோ கழுத்திலோ நிற்காத இரத்தம், மூச்சுத் திணறல், காய்ச்சலோடு முகமும் கழுத்தும் வீங்குதல், தண்ணீர்கூட விழுங்க முடியாமை, திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் உடனே மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. கழுத்தில் புதுக் கட்டியோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புதுப் புண்ணோ தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

“நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்று அவர் சொன்னால் அதை ஒதுக்காதீர்கள். “சாகணும்னு நினைக்கிறீங்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். மலேசியாவில் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

இந்த அவசரங்களில் என்ன செய்யலாம், எதைச் செய்ய வேண்டாம் என்பதை அவரிடம் முன்பே கேட்டு எழுதிவைப்பது நல்லது. நடுராத்திரியில் ஆம்புலன்சுக்கு முன்னால் நின்று கேட்கும் கேள்வி அல்ல அது.

மனைவியும் ஒரு மனுஷிதான்

மூன்று ஆண்டாக இரவில் அவர் இருமினால் எழுந்துகொள்பவர் இவர். தம்முடைய நீரிழிவு மருந்தை வாங்க கிளினிக்கிற்குப் போகவே மறந்திருப்பார். கோபம் வரும். “எனக்காகக்கூட வரமாட்டாரா” என்று தோன்றும். அடுத்த நிமிடம் அப்படி நினைத்ததற்கு அழுகை வரும். இரண்டும் இயல்பு.

வாரத்தில் ஒரு பாதி நாளாவது அக்கா தங்கையோ, மகளோ, நாத்தனாரோ வந்து வீட்டில் இருக்கட்டும். கோயிலுக்கோ சந்தைக்கோ நடைக்கோ போங்கள். அந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டிலும் நோய்ப் பேச்சு இல்லாத ஒரு நேரம் இருக்கட்டும். நீங்கள் அவருடைய நர்ஸ் மட்டும் அல்ல. முப்பது வருட வாழ்க்கை அந்தச் சந்திப்பு அட்டைக்கு முன்பே இருந்தது.

அந்தக் கிள்ளான் வீட்டில் அன்று சந்திப்பு தவறிப்போகிறது. மனைவி சேலையை மாற்றிக்கொண்டு கோப்பி கலக்குகிறார். ஆறவைத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வாசல் படியில் உட்காருகிறார். வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

“போனா, எது உங்களுக்கு ரொம்பப் பயம்?”

அவர் தெருவையே பார்க்கிறார். சொல்வதற்கு நேரமாகிறது. மனைவி முடித்துக் கொடுக்கவில்லை.

“அந்த முகமூடி,” என்கிறார் கடைசியில். “மறுபடியும் என்னைப் பூட்டுவாங்க.”

அவருக்கு இப்போது தேவைப்படும் சிகிச்சையில் அந்த முகமூடியே இல்லாமல் இருக்கலாம். அதை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மூன்று மாதமாக அந்த வீட்டில் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் அதுவரை கேட்கவில்லை. மனைவி எழுந்து உள்ளே போய், கேள்விகள் எழுதும் தாளை எடுக்கிறார். முதல் வரியில் அதை எழுதுகிறார்.